துய்ப்ளே: வரலாறு கண்ட அவலத் தலைவர்

அவல நாடகத்தின் தலைவன் கயவன் அல்லன். ஆற்றலும் பெருமையும் வாய்ந்தவன். கயவன் வீழ்ந்தால் நாம் இரங்குவதில்லை. சிறந்தவன் ஒருவன் தன் பிழையால் வீழும்பொழுதே இரக்கமும் அச்சமும் பிறக்கின்றன என்பது கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கருத்து. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் வீரத்தால் உயர்ந்தான். பதவி வேட்கையால் அழிந்தான்.

இத்தகைய நாடகம் ஒன்று நம் மண்ணிலேயே நடந்ததுண்டு. உழவர்கரையிலிருந்து கிழக்கே சென்று புதுச்சேரிக் கடற்கரையை அடைந்தால், அதன் தலைவரைச் சிலை வடிவில் இன்றும் காணலாம். அவரே துய்ப்ளே.

பிரெஞ்சு வணிகக் கழகத்தின் ஆளுநராக 1742-இல் அவர் புதுச்சேரிக்கு வந்தார். 1746-இல் சென்னை பிரெஞ்சியர் வசமாயிற்று. 1748-இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, துய்ப்ளேயின் துணிவு நகரைக் காத்தது. 1749-இல் ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படையின் துணையோடு வென்ற சந்தா சாகிப் ஆர்க்காட்டு நவாபு ஆனார். மறு ஆண்டின் இறுதியில் முசபர் சங் தக்காணத்தின் சுபேதாராகப் புதுச்சேரியில் பட்டம் ஏற்றார். கிருஷ்ணை ஆற்றுக்குத் தெற்கேயுள்ள நாட்டிற்குத் துய்ப்ளேயைத் தலைவர் என அவர் அறிவித்தார். வணிகம் காக்க வந்தவர் நவாபு ஆகிவிட்டார்!

ஏற்றம் முடிந்தது, இறக்கம் தொடங்கிற்று. 1751-இல் கிளைவ் ஆர்க்காட்டைக் கைப்பற்றினார். 1752-இல் பிரெஞ்சுப் படை திருவரங்கத்தில் சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். ஆயினும் துய்ப்ளே தளரவில்லை. 1754 சனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் சமாதானப் பேச்சு நடந்தது. தம் பட்டங்களை ஆங்கிலேயர் ஏற்றாக வேண்டும் என்று அவர் தரப்பு வற்புறுத்தியது, பேச்சு முறிந்தது. முன்னர் நகரைக் காத்த அதே தளராமை இப்போது அவருக்குப் பகையாயிற்று.

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணைவர் வலிமை ஆகிய நான்கையும் ஆராய்க என்பது அதன் அறிவுரை. அரசர்களின் பலவீனத்தை நுட்பமாக அளந்த துய்ப்ளே, தம் கழகத்தின் மனத்தை அளக்கத் தவறினார். கழகம் விரும்பியது இலாபம். அவர் அளித்ததோ போர்ச் செலவு. கழகமே அவரைக் கைவிட்டது என்று வாதிடுவோர் உளர். அதிலும் உண்மை உண்டு. எனினும், தம்மைத் தாங்கும் கை எதுவரை தாங்கும் என்று அறிவது தலைவனின் கடமையன்றோ?

1754 ஆகஸ்டில் கொதே என்பவர் அவருக்குப் பதிலாக வந்திறங்கினார். அக்டோபரில் துய்ப்ளே கப்பலேறினார். போருக்காகத் தாம் செலவிட்ட சொந்தப் பணத்தைக் கழகத்திடம் கேட்டு வழக்காடியே வறுமையுற்று, 1763-இல் பாரிசில் மறைந்தார்.

கிரேக்க நாடகத்தில் தலைவனின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் அருகிருந்து கண்டு பேசும் குழுவினர் இருப்பர். இந்நாடகத்தில் அவ்விடத்தில் நின்றவர் அவருடைய துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் அவர் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு அக்காலத்தை நம் கண்முன் நிறுத்துகிறது. 1761 சனவரியில் அவர் இறந்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று, நகரம் இடிக்கப்பட்டது.

மேடையில் தலைவன் வீழ்ந்தால் அவனோடு கதை முடியும். வரலாற்றில் ஒருவரின் பேரவாவுக்கு ஊர்மக்களும் விலை தருகின்றனர். மாணவர்கள் அந்நாட்குறிப்பை இக்கண்கொண்டு படிப்பார்களாக.