படத்திற்கும் வேண்டும் இஸ்னாத்

கண்ணால் காண்பதும் பொய்யாகலாம். தீர விசாரிப்பதே மெய் என்பது நம் நாட்டுப் பழமொழி. போர்க்களப் படங்களுக்கு இம்மொழி முற்றும் பொருந்துவதாகும்.

1857 நவம்பர் 16-இல் ஆங்கிலப் படை லக்னோ நகரின் சிக்கந்தர் பாக் மாளிகையைத் தாக்கி, உள்ளிருந்த ஏறத்தாழ 2,000 சிப்பாய்களைக் கொன்று குவித்தது. மாதங்கள் சில சென்றபின், 1858-இல், பெலீஸ் பியாத்தோ என்னும் ஒளிப்படக் கலைஞர் அங்கு வந்தார். ஓடும் குதிரையையோ பாயும் வீரனையோ பிடிக்க அக்காலக் கருவிக்கு ஆற்றலில்லை. போர் ஓய்ந்த களத்தையே பிடிக்க இயலும். அவர் எடுத்த படத்தில் சிதைந்த மாளிகையின் முன் மனித எலும்புகள் இறைந்து கிடக்கின்றன. படத்திற்காகவே அவை வெளிக்கொணர்ந்து பரப்பப்பட்டவை என்பது வரலாற்றாய்வாளர் பலரின் கருத்து. கொலை மெய், காட்சியோ புனைவு. வென்றவர்க்கு அது வெற்றிச் சின்னம். நமக்கோ கஃபனும் கப்ருமின்றிக் கிடந்தோரின் அவலம்.

ஹதீஸ் கலை வல்லோர் ஒரு செய்தியின் வாசகத்தை மட்டும் நோக்கியதில்லை. அறிவித்தவர் யார், எவரிடம் கேட்டார், நம்பத்தக்கவரா என இஸ்னாதைத் துருவினர். செய்தியை ஆராய்ந்து தெளியுமாறு திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் 6-ஆம் வசனமும் பணிக்கிறது.

இம்முறை படத்திற்கும் ஏற்றதே. கண்ணும் கையும் கட்டப்பட்ட கைதிகளை இராணுவ உடையணிந்தோர் சுட்டுக்கொல்லும் காட்சியொன்றை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியது. இலங்கைப் படைவீரர் ஒருவரே கைப்பேசியில் எடுத்தது எனக் கூறப்பட்ட அக்காட்சியைப் பொய்யென்றது இலங்கை அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வல்லுநர் மூவரைக் கொண்டு அதை ஆராயச் செய்தார். அது மெய்யெனவே சான்றுகள் வலுவாகக் காட்டுவதாக 2010 ஜனவரியில் அறிவித்தார். மாண்டோர்க்குத் துணை நின்றது நம் ஆத்திரமன்று, அந்த ஆய்வே.

இதற்கு மாறானதும் நிகழ்ந்தது. 2023 அக்டோபரில், காஸாவில் குண்டுமழை என்றொரு காட்சி கைப்பேசிகளில் பரவிற்று. உண்மையில் அது அல்ஜீரியத் தலைநகரில் காற்பந்து ரசிகர்கள் கொளுத்திய வாணவேடிக்கை! இருக்கன்குடியைச் சூழ்ந்த இப்பட்டாசுச் சீமையில் வாழும் நமக்கு வாணத்தின் ஒளி புதிதன்று. ஆயினும் கண்ணீர் திரையிட்டால் பழகிய கண்ணும் ஏமாறும்.

காஸாவில் மெய்யாகவே மாண்டோர் பல்லாயிரவர். அவர்பொருட்டு நாம் அனுப்பும் பொய்ப்படம் ஒன்று, மெய்ப்படங்கள் நூற்றின்மீது ஐயத்தைப் படரவிடும். கொன்றவனுக்கே அது கேடயமாகும்.

ஆதலின், எடுத்தவர் யார், எங்கே, என்று என வினவாது எப்படத்தையும் பிறர்க்கு அனுப்பாதிருப்போமாக. மஜ்லூம்களின் சாட்சியத்தில் பொய் கலவாது காப்பதும் அவர்க்குச் செய்யும் உதவியே. வல்ல நாயன் நம் நாவையும் விரலையும் பொய்ச்சாட்சியினின்று காப்பானாக! ஆமீன்.