தென்னார்க்காட்டில் பெண்கள் வாக்குரிமை

சென்னை மாகாணப் பெண்களுக்கு வாக்குரிமை 1921இல் சட்டமன்றத் தீர்மானம் ஒன்றின் மூலம் கிடைத்தது. பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட இந்திய மாகாணங்களில் இதற்கு முதலில் வழிவிட்டது சென்னைதான். ஆனால் வயது வந்த எல்லாப் பெண்களுக்கும் அந்த உரிமை வந்துசேர 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை வாக்கு பெரும்பாலும் சொத்தை ஒட்டியே இருந்தது. ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம், சிதம்பரம், கடலூர் ஆகிய ஊர்கள் அடங்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம்.

வாக்குரிமைக் கோரிக்கை சென்னை அடையாற்றில் பிறந்தது. 1917 மே மாதம் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாச உள்ளிட்டோர் இந்திய மாதர் சங்கத்தை அங்கே தொடங்கினர். பிரிட்டிஷ் அரசின் இந்தியச் செயலர் மாண்டேகு, அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க அவ்வாண்டு இறுதியில் சென்னைக்கு வந்தார். பெண் கல்வி பற்றி அவரிடம் முறையிடத்தான் கசின்ஸ் முதலில் நேரம் கேட்டார். அரசியல் கோரிக்கையோடு வருவோரையே பார்க்க முடியும் என்று பதில் வந்தது. அதன்பின் மனுவில் வாக்குரிமையும் சேர்ந்தது. டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் சென்ற தூதுக்குழு, தன்னாட்சித் திட்டம் வகுக்கும்போது பெண்களையும் ‘மக்கள்’ என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டது. இவ்வளவு அடிப்படையான ஒன்றை மனுப்போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு சங்கம் தொடங்கிய ‘ஸ்திரீ தர்மம்’ இதழ் இந்தக் கோரிக்கையைக் கிளைகள்தோறும் கொண்டுசென்றது.

வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு, நாட்டின் சமூக நிலை இதற்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று கையை விரித்தது. 1919இல் சரோஜினி நாயுடுவும், பம்பாயிலிருந்து ஹீராபாய் டாட்டாவும் அவர் மகள் மிதனும் லண்டன் சென்று வாதாடினர். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நேரடியாக முடிவெடுக்காமல், அந்தந்த மாகாணச் சட்டமன்றம் விரும்பினால் பாலினத் தடையை நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. சென்னைச் சட்டமன்றம் தாமதிக்காமல் தடையை நீக்கியது. பம்பாய் அதே ஆண்டில் பின்தொடர்ந்தது. வங்காளத்துக்கு 1925 வரையும் பீகாருக்கு 1929 வரையும் பிடித்தது.

தடை நீங்கினாலும் தகுதி விதி மாறவில்லை. உழவர் நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டும் ரயத்துவாரிக் கிராமங்களில் ஆண்டுக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் தீர்வை விதிக்கப்பட்ட நிலத்தின் பட்டாதாரருக்கே வாக்கு. ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றியுள்ள ஏரிப்பாசன ஊர்களில் நாற்று நட்டு, களை பறித்து, கதிரறுத்தவர்கள் பெண்களே. பட்டாவில் இருந்த பெயர் பெரும்பாலும் ஆணுடையது. கணவன் இறந்து, பாகம் பிரிந்து, நிலம் தன் பெயருக்கு மாறிய விதவைக்கு ஓரளவு வாய்ப்பு இருந்தது. கணவனோடு வாழ்ந்தவளுக்கும், பிறந்த வீட்டில் பங்கில்லாத மகளுக்கும், சொந்த நிலமே இல்லாத கூலிக்காரிக்கும் 1921 தீர்மானம் எதையும் தரவில்லை. சென்னை மாகாணத்தில் வயது வந்த பெண்களில் ஏறத்தாழ 100க்கு ஒருவரே வாக்காளரானார். ஆண்களில் அது 100க்கு 11க்கும் மேல்.

பெண்கள் தேர்தலில் நிற்பதற்கான தடை 1926இல் நீங்கியது. அவ்வாண்டே கமலாதேவி சட்டோபாத்யாய் மங்களூர்ப் பகுதியில் நின்று, சொற்ப வாக்குகளில் தோற்றார். புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சட்டமன்றம் சென்று, அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்வானார். கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக அவர் கொண்டுவந்த நடவடிக்கைகள், அவையில் ஒரு பெண் இருப்பதால் என்ன நேரும் என்பதை மாகாணத்துக்குக் காட்டின. காந்தி கைதானபோது 1930இல் அவர் பதவி விலகினார்.

அடுத்த சில ஆண்டுகளின் விவாதம் கூர்மையானது. வாக்காளரின் மனைவிக்கும் விதவைக்கும் வாக்குத் தரலாம் என்று சைமன் குழு பரிந்துரைத்தது. முத்துலட்சுமியும் மாதர் அமைப்புகளும் இதை ஏற்கவில்லை. ஒருத்தியின் குடியுரிமை அவள் கணவனின் சொத்தைப் பொறுத்து அமையக் கூடாது, வயது வந்த எல்லாருக்கும் வாக்கு வேண்டும் என்றார்கள். வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற ராதாபாய் சுப்பராயன், பெண்களுக்குத் தனி இடங்கள் ஒதுக்காமல் காரியம் ஆகாது என்று வாதிட்டார். 1935 இந்திய அரசுச் சட்டம் இரு தரப்பினர் சொன்னதிலும் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களும் சொத்துள்ளவர்களின் மனைவியரும் வாக்காளராயினர். நாடு முழுவதும் பெண் வாக்காளர் சுமார் 60 லட்சம். சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன.

1937 தேர்தலில் தென்னார்க்காடு அனுப்பிய பெண் கடலூர் அஞ்சலையம்மாள். கடலூர் முதுநகரில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் போராட்டத்துக்கு வந்து, குடும்பச் சொத்தை விற்று அதற்குச் செலவிட்டார். 1927இல் சென்னையில் பிரிட்டிஷ் படைத்தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் தன் சிறு மகள் அம்மாக்கண்ணுவுடன் கலந்துகொண்டார். வேலூர்ச் சிறையில் இருந்தபோது நிறைமாதம். பேறுகாலத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பிறந்ததும் கைக்குழந்தையோடு சிறைக்குத் திரும்பினார். அந்தப் பிள்ளைக்கு ஜெயில்வீரன் என்றே பெயர். சொத்தைப் பார்த்து வாக்கு வழங்கிய ஒரு சட்டத்தின் கீழ், சொத்தை இழந்து பேர் பெற்ற ஒருவர் சட்டமன்றம் சென்றதே இந்த மாவட்டத்தின் வாக்குரிமை வரலாற்றில் மிகப் பெரிய செய்தி. புவனகிரி அருகே தீர்த்தாம்பாளையத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் போக்க வீராணம் கால்வாயிலிருந்து அவர் முயற்சியால் வெட்டப்பட்ட கிளை, அஞ்சலை வாய்க்கால் எனப்படுகிறது.

இதற்குள் இலங்கைத் தமிழ்ப் பெண்கள் முந்திவிட்டிருந்தனர். டொனமூர் சீர்திருத்தத்தின்படி அங்கே 1931இலேயே 21 வயதான ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்கு வந்தது. இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் கடுமையாக எதிர்த்தும் அது நிற்கவில்லை. மறு ஆண்டே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்வானார்.

இந்திய அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்து அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகியோர் இருந்தனர். 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு, சொத்து, படிப்பு, திருமணம் ஆகிய மூன்று நிபந்தனைகளையும் ஒருசேர நீக்கியது. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது வேறொரு தடை வெளிப்பட்டது. கணக்கெடுக்க வந்தவரிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை; சொந்தப் பெயர் தராத சுமார் 28 லட்சம் பதிவுகள் நீக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி வடமாநிலங்களைச் சேர்ந்தவை. அந்தக் கண்டிப்பு அன்று பல லட்சம் பேரின் வாக்கைப் பறித்தாலும், அது சரியான முடிவே. அடுத்த தேர்தலுக்குள் அவர்களில் பெரும்பாலோர் தம் பெயரிலேயே பதிந்துகொண்டனர்.

வாக்குக்கு முன்நிபந்தனையாக இருந்த சொத்து, பெண்ணுக்கு உரிமையாகக் கிடைத்தது பிந்தித்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்தது. உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் 1992ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தங்களால் ஒதுக்கப்பட்டன. 2016இல் தமிழ்நாடு அதைப் பாதியாக உயர்த்தியது. ஸ்ரீமுஷ்ணம் போன்ற பேரூராட்சிகளில் அந்த ஒதுக்கீட்டின்படி 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106ஆம் திருத்தம் 2023இல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று அத்திருத்தம் கூறுகிறது.