அணுகி வரும் பொருளும் முதுமைக் கண்ணும்

கொழும்புத்துறை, யாழ்ப்பாணக் கடனீரேரியின் வடகரையில் அமைந்த பழந்துறை. பூநகரிப் பக்கத்திலிருந்து வரும் வள்ளம் நெடுநேரம் அசையாது நிற்பதுபோலத் தோன்றிப் பின்னர்த் திடீரெனப் பெருத்துக் கரையை அணைவதைத் துறையில் நிற்போர் அறிவர். இத்தோற்றத்தை முற்றாக விளக்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

கி. மு. 3 ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த யூக்கிளிட்டு, பொருளின் தோற்றப் பருமன் அது கண்ணில் அமைக்கும் கோணத்தைப் பொறுத்தது என்றார். வள்ளம் 800 மீற்றரிலிருந்து 400 மீற்றருக்கு வரும்போது அக்கோணம் ஏறக்குறைய இரட்டிக்கின்றது. 100 மீற்றரிலிருந்து 50 மீற்றருக்கு வரும்போதும் அவ்வாறே. முன்னதற்கு 400 மீற்றர் கடத்தல் வேண்டும். பின்னதற்கு 50 மீற்றரே போதும். திடீர்ப் பெருக்கத்தின் காரணம் இதுவே.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் வைத்தியக் கல்வியையும் தமிழிற் புகட்டினார். இவ்வாறு கண்ணின் அமைப்பைத் தமிழிலே கற்க வழி பிறந்தது. ஆயினும், வரும் பொருள் எப்போது வந்தடையும் என்பதைக் கண் எவ்வாறு அறிகின்றது என்னும் வினா எஞ்சி நின்றது.

1957 இல் வானியலறிஞர் பிரெட் ஹொயில் தமது புனைகதையொன்றில், தோற்றக் கோணத்தை அது வளரும் வீதத்தால் வகுத்தால் பொருள் வந்தடையும் நேரம் பெறப்படும் எனக் காட்டினார். 1976 இல் டேவிட் லீ, வண்டியோட்டுவோர் வேகந் தணிக்கும் தருணத்தை இக்கணக்கைக்கொண்டு விளக்கினார்.

முதுமையில் ஏற்படும் வெள்ளெழுத்தைக் கண்ணாடி நீக்கும். கண்புரையைச் சத்திரசிகிச்சை அகற்றும். ஆனால் அணுகும் அசைவை உணர்தல் மூளையின் தொழிலுமாகும். முதியோர், மோதவரும் பொருளை இளையோரினும் குறைந்த நுட்பத்துடனேயே இனங்காண்கின்றனர் என்பதையும், வேகம் மிகும்போது இவ்விடர்ப்பாடு மிகுகின்றது என்பதையும் ஆண்டர்சன் முதலியோர் 2000 இல் வெளியிட்ட ஆராய்ச்சி புலப்படுத்திற்று. அன்றியும், தூரத்துப் பெரும்பொருள் அண்மைச் சிறுபொருளினும் முந்தி வருவதாகத் தோன்றும் மயக்கம் எல்லா வயதினர்க்கும் உண்டு. ஆகவே பஸ்ஸைக் கண்டு நிற்கும் முதியவர், மோட்டார்ச் சைக்கிளின் விரைவைத் தவறாக மதித்தல் கூடும்.

வீதியோரத்தில் முதியோர் தயங்குவதை மந்தமென்று இகழ்தல் பொருந்தாது. வள்ளத்தின் வேகத்திற்குப் பழகிய துறையூரில் இன்று வாகனங்கள் விரைகின்றன. முதுமைக் கண் தன் வேகத்தை மாற்றவியலாது. வண்டியோட்டுவோர் தம் வேகத்தை மாற்றவியலும். கடமை அவர்களையே சாரும்.