கல்மரம்

மரக்கட்டை கல்லாக மாறிய தொல்லுயிர் எச்சம். ‘கல்லாகிய மரம்’ என விரியும் தொகைச்சொல். ‘கல்மலை’ கன்மலை ஆவதுபோல் புணர்ச்சி விதிப்படி ‘கன்மரம்’ என்றே வரவேண்டும். மக்கள் வழக்கு இரு சொற்களையும் மாற்றாமல் வைத்துக்கொண்டது. அதுவே தெளிவான வடிவம்.

புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு கொம்யூனுக்கு அருகில், விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் இவை மிகுதி. வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊர்க்கதை. 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலர் சொன்னரா இவற்றைப் பதிவுசெய்தார். பின்னர் ஜெர்மானியத் தாவரவியலர் ஷ்லைடன் இங்கிருந்து சென்ற ஒரு கட்டையை ஆராய்ந்து பெயரிட்டார். 1931-இல் பீர்பல் சாஹ்னி அதை மறுவகைப்படுத்தினார்.

ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்த மரங்கள் மணலில் புதைந்தன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்திசுக்களில் ஊறிப் படிந்தது. கடலூர் மணற்கல்லில் கிடக்கும் கட்டைகளில் வேரோ கிளையோ பட்டையோ இல்லை. இங்கே வளர்ந்தவை அல்ல என்பதற்கு அதுவே சான்று. ஆனால் கணுவும் மரநாரும் கண்ணுக்குத் தெரியும். இன்றைய புளி, கருங்காலி இனங்களுக்கு நெருங்கியவையும் உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகக் காத்துவருகிறது.