வேங்கடத்திற்கு வடக்கே வீட்டோடு வழிநடந்தோர்

கோடை நெருங்கும்போது வட அமெரிக்காவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சாக இருக்கும். படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட வீட்டுவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, பான்ஃப், ஜாஸ்பர் முதலிய தேசியப் பூங்காக்களைக் கண்டு, இயலுமாயின் யூக்கான் வரையிலும் சென்று வரலாமா என்பதே அப்பேச்சு. ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியோர் இதைக் கேட்டு வியப்பர். வீடு இருக்கக் காட்டில் போய்ச் சமைத்துண்பது என்ன இன்பம் என்பது அவர்கள் வினா. இது இந்நாட்டு வழக்கம், நமக்குப் புதிது என்று இளையோர் விடை கூறுவர். வினாவும் விடையும் ஒரு வரலாற்றை மறந்தவை. அடுக்களையையும் படுக்கையையும் உடன்கொண்டு, மாதக்கணக்கில் வடதிசைக் காடுகளை ஊடுருவிச் சென்ற பயணங்கள் நம் பக்கத்திலும் உண்டு. அவற்றுள் ஒன்றையேனும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

வடக்கு என்னும் சொல்லுக்குத் தமிழர் உள்ளத்தில் நெடுங்காலமாக ஓர் எல்லைக்கல் உண்டு. அதுவே வேங்கடம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக அம்மலையைச் சுட்டுகிறது. அகநானூற்றில் மாமூலனார் முதலிய புலவர் பாடிய பாலைப் பாடல்களில், பொருள் தேடிப் பிரியும் தலைவன் அம்மலையைக் கடந்து வேற்றுமொழி வழங்கும் நாட்டிற்குச் செல்கின்றான். யானையும் கள்வரும் உலவும் கொடிய வழி அது. எனவே நம் முன்னோரைப் பொறுத்தவரையில் வடபுலக் கானகம் தொடங்கிய இடம் வேங்கடத்தின் அடிவாரமே எனலாம்.

அந்த அடிவாரத்திற்குச் சென்னையிலிருந்து செல்லும் பெருவழியில், புத்தூரைக் கடந்து ரேணிகுண்டாவை அணுகுமுன் இருப்பது வடமாலபேட்டை. பெயரைக் கேட்டவுடன் ‘வடமால்’ என்று பிரித்துப் பொருள் காணத் தமிழ்ச்செவி துடிக்கும். ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் துடிப்பு சான்றாகிவிடாது, ஆதலால் அதனை விட்டுவிடுவோம். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் வட்டாரம் இது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-இல் எல்லைச் சீரமைப்பு நடந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர, புத்தூர், நகரி வட்டாரம் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைப் போராட்டத்தை நினைவில் வைத்திருக்கும் முதியோர் நம்மிடையே இன்னும் சிலர் உளர். வழிப்போக்கனுக்கோ இவ்வூர் என்றும் ஒரு வாயிலே. பாட்டைக்கு வரி வாங்கும் சுங்கச்சாவடி இன்றும் இவ்வூரருகே உண்டு!

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு இருப்புப்பாதை வந்தது 1862-இல். அதற்கு 32 ஆண்டுகள் முன்னதாக, 1830 மே 18-ஆம் நாள், சென்னையிலிருந்து ஒருவர் காசிக்குப் புறப்பட்டார். அவர் பெயர் ஏனுகுல வீராசாமி. சென்னையில் அக்காலத்திருந்த சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தவர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்தவர். வேற்றுமொழி நாட்டைக் கடக்க வேண்டிய நெடும்பயணத்திற்கு ஒரு துபாஷியே தலைமை தாங்கியது பொருத்தமன்றோ! முதல் நாள் தங்கல் மாதவரம். அடுத்த பெருந்தங்கல் திருப்பதி. அங்கிருந்து கடப்பை, அகோபிலம், ஸ்ரீசைலம், ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர், மிர்சாப்பூர் எனச் சென்று பிரயாகையும் காசியும் கயையும் கண்டார். கல்கத்தாவையும் பூரி ஜகந்நாதத்தையும் அடைந்து, கீழைக் கடற்கரை வழியே 1831 செப்டம்பர் 3-ஆம் நாள் சென்னை மீண்டார். 15 மாதங்களுக்கு மேற்பட்ட பயணம் அது.

அவருடன் சென்றோர் ஏறத்தாழ நூறு பேர். குடும்பத்துப் பெண்டிர், உறவினர், சமையற்காரர், பல்லக்குப் போயிகள், மூட்டை சுமப்போர் எனப் பல திறத்தினர். இது செல்வச் செருக்கு என்று நினைப்பது பிழை. பிண்டாரிக் கொள்ளைக் கூட்டங்கள் ஒடுக்கப்பட்ட போர் நடந்தது 1817-18-இல்தான். வழிப்போக்கரோடு நண்பர் போல் சேர்ந்து நடந்து, தனித்த இடத்தில் கழுத்தை நெரித்துக் கொல்லும் தக்கர் கூட்டங்களைப் பற்றிய அச்சம் மத்திய இந்தியச் சாலைகளில் நிலவிய காலம். ஸ்லீமன் என்னும் ஆங்கில அதிகாரி ஜபல்பூர் வட்டாரத்தில் அவர்களை ஒடுக்க முனைந்ததும் 1830-ஐ ஒட்டியே. (அக்கூட்டங்களைக் கும்பினி அதிகாரிகள் மிகைப்படுத்தினர் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கூறுவர், அச்சம் மட்டும் மெய்.) ஆகவே உடன்செல்வோர் எண்ணிக்கையே அக்காலத்தின் காப்புறுதி. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1820-22-இல் காசி சென்றபோது ஏறத்தாழ 3000 பேர் உடன்சென்றனர் என்பர். அது நகரும் ஓர் அரசு. வீராசாமியினுடையது நகரும் ஒரு வீடு. நமக்கு நெருக்கமானது பின்னதே.

பயணத்தைத் திட்டமிடுதல் என்றால் காணவேண்டிய இடங்களுக்குப் பட்டியல் எழுதுதல் என்றே பலரும் எண்ணுகின்றோம். வீராசாமியின் காசியாத்திரைக் குறிப்புகளை நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். ஒவ்வொரு தங்கலையும் அவர் குறித்திருக்கின்றார். அவ்வூரில் கடைகள் உண்டா, வேண்டும் பண்டங்கள் கிடைக்குமா, தண்ணீர் எத்தகையது, சத்திரம் உண்டா, கூடாரம் அடிக்க நிழலும் இடமும் உண்டா, அடுத்த தங்கலுக்குப் பாதை எப்படி என்பனவே அவர் முதலில் ஆராய்ந்தவை. கோயிலும் குளமும் அரசியலும் அதற்குப் பின்னரே. நூறு வயிறுகளுக்கு மாலையில் உலை வைத்தாக வேண்டும் என்னும் பொறுப்பு, மனிதனை எவ்வளவு கூர்மையாகப் பார்க்கச் செய்கிறது! இன்று யூக்கான் சாலையில் செல்வோரும் இதையேதான் கேட்டாக வேண்டும். அடுத்த எரிபொருள் நிலையம் எத்தனை கிலோமீட்டரில், கழிவுநீரை இறக்குமிடம் எங்கே, இரவு தங்குமிடத்திற்கு முன்பதிவு வேண்டுமா என்பவை, ‘கடை உண்டா, கிணறு உண்டா’ என்னும் பழைய வினாக்களின் புதிய வடிவங்கள். கரடி முகராமல் உணவைப் பூட்டி வைக்கும் பெட்டி ஒன்றே நாம் புதிதாகச் சேர்த்தது.

பருவத்தையும் நோக்குவோம். வைகாசித் தொடக்கத்தில் புறப்பட்டவர் தக்காணத்திலும் அதற்கு அப்பாலும் மழைக்காலத்தைச் சந்தித்தே தீரவேண்டும் என்பது நாள்கணக்கைப் பார்த்தாலே விளங்கும். நனைந்த கூடாரத்தின் பளுவும் வெள்ளம் பெருகிய ஆறுகளும் அப்பயணத்தின் பங்காயின. வடபுலப் பூங்காக்களில் நமக்கு எதிரி மழையன்று, பனி. மலைக்கணவாய்களில் சூன் மாதத்திலும் பனி கிடக்கும்; செப்டம்பரிலேயே மீண்டும் விழத் தொடங்கும். நடுவிலுள்ள சில வாரங்களுக்குள் நாட்களை அடுக்குவதே கலை.

காடுகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்லலாகாது. திருப்பதியிலிருந்து கடப்பை செல்லும் வழி சேஷாசல மலைக்காடுகளின் ஓரமாகவே போகிறது. ஸ்ரீசைலத்தைச் சூழ்ந்தது நல்லமலைக் காடு. செஞ்சு மக்கள் வாழும் அக்காட்டில், திருவிழாக் காலத்தில் கூட்டமாகச் செல்வதே யாத்திரிகர் வழக்கமாயிருந்தது. நாகபுரியிலிருந்து ஜபல்பூர் செல்லும் வழி சியோனி வட்டாரத்துப் புலிக்காடுகளின் ஊடே சென்றது. வீராசாமியின் காலத்தவர்க்கு இவை விரைந்து கடக்க வேண்டிய இடங்கள். இருட்டுமுன் ஊர்போய்ச் சேர்ந்தால் போதும் என்பதே எண்ணம்.

இன்று காலம் தலைகீழாகி நிற்கின்றது. நல்லமலையில் நாகார்சுனசாகர்–ஸ்ரீசைலம் புலிகள் காப்பகம் 1983-இல் அமைந்தது. வேங்கடத்துக் காடுகள் 1989-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்கா ஆயின. 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் என்னும் பெயரும் பெற்றன. சியோனிக் காடுகளில் பெஞ்ச் புலிகள் காப்பகம் 1992-இல் ஏற்பட்டது. சங்கப் புலவர் அஞ்சிப் பாடிய மலையே தேசியப் பூங்காவாகிவிட்டது! அன்று விலங்கிடமிருந்து மனிதனைக் காத்தல் கவலை. இன்று மனிதனிடமிருந்து விலங்கைக் காத்தல் கவலை. பெஞ்ச் காட்டில் நாகபுரிச் சாலையையே தூண்களின்மேல் உயர்த்தி, அடியில் விலங்குகள் கடந்து செல்ல வழிவிட்டிருக்கின்றனர். பான்ஃப் பூங்காவிலோ நெடுஞ்சாலைக்கு மேலே மண்ணும் மரமும் பரப்பிய பாலங்கள் 6, கீழே சுரங்க வழிகள் 38. கரடியும் கடமானும் அவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன.

பான்ஃப் தோன்றிய வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. 1885-இல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிச் சிறு நிலப்பகுதியாக ஒதுக்கப்பட்டது, 1887-இல் ராக்கி மலைப் பூங்காவாக விரிந்தது. அங்குத் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த நக்கோடா மக்கள் பூங்காவிலிருந்து விலக்கப்பட்டனர். மனிதர் காலடி படாத காடு என்று விளம்பரங்கள் புகழும்போது, அது காலடிகள் அழிக்கப்பட்ட காடு என்பதை நாம் நினைத்துக்கொள்ளலாம். நல்லமலையில் செஞ்சு மக்களின் வாழ்வும் காப்பக விதிகளால் நெருக்குண்டது. எல்லைக்கோடு மாறியதால் நின்ற இடத்திலேயே வேற்று மாநிலத்தவரானோரைக் கொண்ட நமக்கு, இது விளங்காத துயரமன்று.

மற்றொன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. வீராசாமியின் நகரும் வீட்டிற்குச் சக்கரம் இல்லை. பல்லக்கைப் போயிகள் தோளில் சுமந்தனர். அவர்கள் நடந்த தூரமே பயணத்தின் ஒருநாள் தூரம். அவர்கள் களைத்த இடமே தங்கல். மேட்டிலும் சேற்றிலும் காட்டிலும் நடந்து காசி சென்ற அம்மனிதர்களை, யாத்திரை என்றதும் நாம் நினைப்பதில்லை. வீட்டுவண்டி அச்சுமையைத் தோளிலிருந்து இறக்கி இயந்திரத்தின்மேல் ஏற்றிற்று; நாகரிகத்தின் மெய்யான ஆதாயம் இதுவே என்பேன். ஆயினும் சாலைக்குக் கீழே தோள்கள் கிடக்கின்றன. டாசன் கிரீக்கிலிருந்து அலாசுகாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையை 1942-இல் சில மாதங்களில் வெட்டித் திறந்தவர் அமெரிக்கப் படையினர் பதினாயிரத்திற்கு மேற்பட்டோர். அவருள் மூன்றில் ஒரு பங்கினர், நிறத்தால் தனிப்பிரிவாக ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர். 1948-இல் அச்சாலை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது; நம் வண்டிகள் இன்று குலுங்காமல் செல்கின்றன.

நெடுவழியின் மறுமுனையில் நம்மவர் காத்திருந்தனர் என்பதும் குறிக்கத்தக்கது. காசியில் குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டிலேயே மடம் நிறுவினார். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1813-இல் அங்குச் சத்திரப் பணியைத் தொடங்கினர். புலம்பெயர்ந்த ஊரில் முதலில் ஒரு சத்திரம் எழுப்பும் அப்பழக்கத்தின் தொடர்ச்சியாகவே நம் சங்கங்களை நான் காண்கிறேன். வேற்று நகரத்துத் தமிழ்ச் சங்கத்தார் ஒருவர் வீட்டு முற்றத்தில் வீட்டுவண்டியை நிறுத்தி, ஓர் இரவு இரசச் சோறு உண்டு செல்லும் குடும்பங்கள் இதை ஒப்புக்கொள்ளும்.

வீராசாமியின் பயணம் நமக்குக் கிடைத்தது ஒரு நட்பால். வழிநெடுக அவர் எழுதிய செய்திகள் சென்னையிலிருந்த கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்கு மடல்களாகச் சென்றன. பச்சையப்பர் அறநிலையத்தின் தொடக்ககாலப் பெரியோருள் ஒருவர் அவர். மடல்களைக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்தார். வீராசாமி 1836-இல் மறைந்தார். பிள்ளையவர்கள் 1838-இல் அவற்றைத் தெலுங்கு நூலாக அச்சிட்டு வெளியிட்டார். பனையூர் வெங்கு முதலியார் தமிழில் பெயர்த்தார். 1941-இல் திகவல்லி வேங்கட சிவராவ் குறிப்புகளுடன் மீண்டும் பதிப்பித்தார். 1973-இல் ஆங்கிலத்திலும் வந்தது. கடப்பைக்கு அப்பால் எந்தத் தங்கலில் நல்ல தண்ணீர் கிடைத்தது, எங்கே கடையே இல்லை என்பதை அந்நூலில் இன்றும் படிக்கலாம்.