வெள்ளி யாருக்கு, வெண்கலம் யாருக்கு?

தோழர்களே, பீங்கான் சூளைகளின் ஊரான விருத்தாசலத்தில் அச்சைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரே அச்சில் மட்ட மண்ணையும் வார்க்கலாம், உயர்ந்த மண்ணையும் வார்க்கலாம். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு தந்த போர்ப் பதக்கமும் அப்படிப்பட்டதுதான். ஒருபக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் குதிரைமேல் புனித ஜார்ஜ். உருவம் ஒன்றே. துப்பாக்கி பிடித்தவருக்கு வெள்ளி. சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு வெண்கலம். வெள்ளிப் பதக்கங்கள் 60 லட்சத்துக்கும் மேல், வெண்கலம் சுமார் 1,10,000.

இது அன்று புதிதாக வந்த வழக்கமல்ல. 1885–87 பர்மா போரிலேயே படையின் பின்னால் சென்ற ஊழியர்களுக்கு வெண்கலப் பதக்கம்தான். அதே காலத்தில்தான் 'போர்க்குடி' என்ற கொள்கை வலுத்தது. தலைமுறைகளாகச் சிப்பாய்களாக இருந்த மகர்களுக்கு 1890களில் படைக்கதவு அடைபட்டது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கி பறிபோனது, துடைப்பம் போகவில்லை.

முதல் உலகப் போருக்கு இந்தியா அனுப்பிய போரிடாத ஊழியர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகம். தோல்பையில் தண்ணீர் சுமந்தார்கள், கோவேறு கழுதை ஓட்டினார்கள், காயம்பட்டவரைத் தூக்கினார்கள், சமைத்தார்கள், கழிப்பிடம் அள்ளினார்கள். கடைசி வேலை யாருக்கு என்பதை ராணுவம் யோசிக்கவே இல்லை. ஊர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டிருந்தது.

அவர்களில் ஒருவர் சுகா. உத்தரப்பிரதேசத்தின் பரேலியைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் பிராக்கன்ஹர்ஸ்டில் இந்தியப் படைவீரருக்கான லேடி ஹார்டிங்கே மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர். 1915 ஜனவரி 12இல், 30 வயதில் இறந்தார். தீண்டத்தகாதவர் என்று இந்துக்கள் எரிக்க மறுத்ததாகவும், முஸ்லிம் அல்லர் என்று வோக்கிங்கில் இடம் கிடைக்கவில்லை என்றும் அந்த ஊர் வரலாறு சொல்கிறது. கடைசியில் பிராக்கன்ஹர்ஸ்ட் பாதிரியார் தம் தேவாலய மண்ணில் இடம் தந்தார். ஊரார் பணம் போட்டுக் கல்லறைக் கல் நட்டார்கள். அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதையும் அக்கல்லில் எழுதினார்கள். கடல் தாண்டியும் தீட்டு கூடவே போனது. அதை எடுத்துப் போனவர்கள் ஆங்கிலேயர் அல்லர், நம்மவர்களே.

அந்தப் பதக்கங்களின் விளிம்பில் எண், பெயர், பணி, படைப்பிரிவு பொறித்திருக்கும். பல குடும்பங்களுக்குத் தாத்தாவைப் பற்றிய ஒரே எழுத்து அதுதான். மாணவர்களே, உங்கள் தெருவில் யார் வீட்டுப் பெட்டியிலாவது அப்படியொரு வெண்கல வட்டம் கிடந்தால், பழைய பித்தளையோடு அதை எடைக்குப் போடுவதற்கு முன் விளிம்பைத் துடைத்துப் படியுங்கள், படம் எடுங்கள், எங்களுக்கும் காட்டுங்கள்.