உற்சாகமற்ற ஆதரவு எங்கே விலை கேட்கிறது?

2008 பிப்ரவரி 7 அன்று வாஷிங்டனில் நடந்த பழமைவாதிகளின் ஆண்டு மாநாட்டில் ஜான் மெக்கெய்ன் குடியேற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அரங்கின் ஒரு பகுதியிலிருந்து எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. அதே மேடையில் அன்றுதான் மிட் ராம்னி போட்டியிலிருந்து விலகியிருந்தார். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கெய்ன்தான் என்பது ஏறத்தாழ உறுதியான நாளிலேயே கட்சியின் கொள்கைத் தொண்டர்கள் தங்கள் மனக்கசப்பை வெளிப்படையாகக் காட்டினர்.

கசப்புக்குக் காரணங்கள் இருந்தன. 2001இலும் 2003இலும் அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வரிக்குறைப்புகளை மெக்கெய்ன் எதிர்த்து வாக்களித்தார். 2002ஆம் ஆண்டின் தேர்தல் நிதிச் சீர்திருத்தச் சட்டம் அவர் பெயரால்தான் அறியப்பட்டது. ஆவணமற்ற குடியேறிகளுக்குக் குடியுரிமை கிடைக்க வழிசெய்யும் முயற்சியில் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியோடு கைகோத்தார். 2000 முன்தேர்தலின்போது ஜெர்ரி ஃபால்வெல், பேட் ராபர்ட்சன் ஆகிய மதத் தலைவர்களைச் சகிப்பின்மையின் முகவர்கள் என்று சாடியதையும் யாரும் மறக்கவில்லை. வானொலியில் ரஷ் லிம்பா அவரை ஓயாமல் தாக்கினார். கிறித்தவப் பழமைவாதிகளிடையே பெரும் செல்வாக்குடைய ஜேம்ஸ் டாப்சன், எந்நிலையிலும் அவருக்கு வாக்களிக்கப் போவதில்லை என்று அறிவித்தார்.

நவம்பரில் மெக்கெய்ன் தோற்றார். ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்கு 52.9 சதவீதம், மெக்கெய்னுக்கு 45.7. பழமைவாதிகள் வீட்டிலேயே இருந்துவிட்டதால்தான் தோல்வி என்ற விளக்கம் உடனே பரவியது. வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பு அதை ஆதரிக்கவில்லை. தம்மைப் பழமைவாதிகள் என்று சொன்னவர்கள் 2004இலும் 2008இலும் வாக்களித்தோரில் அதே 34 சதவீதம். அவர்களிடையே புஷ் பெற்ற 84 சதவீத ஆதரவு மெக்கெய்னுக்கு 78 ஆகக் குறைந்தது உண்மைதான். ஆனால் மிதவாதிகளிடையிலும் சரிவு அதே ஆறு புள்ளி: 45இலிருந்து 39. வேட்பாளரின் கொள்கைத் தூய்மையில் குறை கண்டவர்களும் அதைப் பொருட்படுத்தாதவர்களும் ஒரே அளவில் விலகியிருக்கும்போது, காரணத்தை மனக்கசப்பில் தேடுவது பொருந்தாது. ஈராக் போர், புஷ்ஷின் செல்வாக்குச் சரிவு, செப்டம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் திவாலானபின் வெடித்த நிதி நெருக்கடி ஆகியவை எல்லாத் தரப்பினரையும் ஒருசேரத் தாக்கின.

அப்படியானால் கசப்புக்கு விளைவே இல்லையா? இருந்தது, அது வாக்குச்சாவடிக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. துணை அதிபர் வேட்பாளராகத் தம் நண்பர் ஜோ லீபர்மனை நிறுத்த மெக்கெய்ன் விரும்பினார். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவரை மேடையேற்றினால் கட்சி மாநாடே பிளவுபடும் என்று ஆலோசகர்கள் தடுத்தனர். ஆகஸ்ட் 29 அன்று, கருக்கலைப்பை எதிர்த்த அலாஸ்கா ஆளுநர் சாரா பாலின் அறிவிக்கப்பட்டார். தொண்டர்கள் துள்ளியெழுந்தனர்; டாப்சனும் மனம் மாறினார். ஆனால் தேர்தல் நாளன்று வாக்களித்தோரில் 60 சதவீதத்தினர், தேவை வந்தால் அதிபராகும் தகுதி பாலினுக்கு இல்லை என்றனர். அணியின் மனநிறைவுக்காக எடுத்த முடிவு அணிக்கு வெளியே சுமையானது. லீபர்மனைத் தேர்ந்தெடுக்காததற்காகத் தாம் வருந்துவதாக மெக்கெய்னே 2018இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். மந்தமான ஆதரவாளர்களின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது: அவர்கள் கட்சியைக் கைவிடுவது அரிது, வேட்பாளரை வளைப்பதோ வழக்கம்.

கசப்பு வாக்காகவே மாறிய இடமும் உண்டு. 2012இல் ராம்னிக்கு 70 சதவீதத்துக்கும் மேல் தந்த யூட்டா மாநிலத்தில், 2016இல் டொனால்ட் டிரம்புக்குக் கிடைத்தது 45.5 சதவீதம்தான். அவருடைய நடத்தையை ஏற்க முடியாத மார்மன் சமயப் பழமைவாதிகள் பலருக்கு அங்கே வாக்குச்சீட்டிலேயே ஒரு மாற்று இருந்தது. அதே சமயத்தவரும் அதே மாநிலத்தில் பிறந்தவருமான இவான் மக்மல்லின் சுயேச்சையாக நின்று 21 சதவீதத்துக்கு மேல் பெற்றார். 2020இல் அவர் போட்டியில் இல்லை. டிரம்பின் பங்கு 58 சதவீதமாக ஏறியது.